திருவண்ணாமலையில் ஒரு பாட்டி

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள். பதினொரு நிலைகளோடு 217 அடி உயரம் நிற்கும் ராஜகோபுரத்தைப் பார்ப்பார்கள். பௌர்ணமியாக இருந்துவிட்டால் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்து, கால் வீங்கி, பஸ்ஸில் தூங்கிக்கொண்டே ஊர் திரும்புவார்கள். எங்கள் ஆசிரியர் என்னை அனுப்பியதும் அதற்காகத்தான். "புரட்டாசிப் பௌர்ணமிக் கூட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டு வா" என்பது உத்தரவு. நான் எழுதிக்கொண்டு வந்திருப்பதோ ஒரு பாட்டியைப் பற்றி. கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

சென்னையிலிருந்து திண்டிவனம் வரை சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. செஞ்சியை நெருங்கும்போதுதான் கண் விழித்துக்கொள்கிறது. பெரிய பெரிய பாறைகளை யாரோ வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அள்ள மறந்துபோன மாதிரி குன்றுகள். அவற்றின் மேல் கோட்டை. அதையும் தாண்டிச் சிறிது தூரம் போனால், வானத்தின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு நீலக் கறை தென்படும். அதுதான் அண்ணாமலை. அப்புறம் பஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை கூடவே வரும்.

பௌர்ணமியில் அந்த ஊரில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. எங்கள் அலுவலகத்து நண்பர் ஒருவர் தமக்குச் சின்ன வயதில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒருவர் அங்கே இருப்பதாகச் சொல்லி, முகவரி கொடுத்திருந்தார். செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பழைய ஓட்டு வீடு. கம்பிக் கதவில் கோணல்மாணலான எழுத்தில் ஒரு அட்டை தொங்கியது.

"கதவைத் தாழ் போடவும். உள்ளே கண் தெரியாத, காது கேட்காத பாட்டி இருக்கிறாள்."

அடடா, வயசான காலத்தில் இப்படி ஒரு சோதனையா என்று மனசுக்குள் இரக்கப்பட்டுக்கொண்டே உள்ளே போனேன். தாழ்ப்பாளையும் போட்டேன். (அப்போது போட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) திண்ணையில் ஆசிரியை முறத்தோடு உட்கார்ந்திருந்தார். ஊரே அவரை டீச்சரம்மா என்கிறது. நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, "பாட்டி எங்கே இருக்காங்க? ஒரு நமஸ்காரம் பண்ணிக்கிறேன்" என்றேன்.

டீச்சரம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். ரேழியிலிருந்து ஒரு சிறுவன் எட்டிப் பார்த்து, அவனும் சிரித்தான். அட்டை எழுதிய மகானுபாவன் அவன்தான், பேரன். பாட்டி முற்றத்து ஓரத்தில் கோணிச் சாக்கின் மேல் சுருண்டு படுத்திருந்தாள். மூக்கைச் சுற்றி நரைத்துப்போன, பழுப்பு நிற நாட்டு நாய்.

"இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டேன்.

"அதுன்னு சொல்லாதீங்க. அவ. பூரணி" என்றார் டீச்சரம்மா. "சாயங்காலம் ஆசிரமத்துக்குப் போவீங்கதானே? அங்கே ஜாக்கியையும் பார்த்துட்டு வாங்க."

ரமணாசிரமத்துக்குப் போனவர்கள் மயிலையும் குரங்கையும் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் சின்னச் சின்ன சமாதிகளை எத்தனை பேர் பார்த்தீர்களோ தெரியாது. 1948-ல் இறந்துபோன லட்சுமி என்ற பசுவுக்கு ஒன்று. வள்ளி என்ற மானுக்கு ஒன்று. ஒரு காக்கைக்கு ஒன்று. ஜாக்கி என்ற நாய்க்கு ஒன்று. ரமண மகரிஷி நாய்களைப் பற்றிப் பேசும்போது 'அது' என்று சொல்வதே கிடையாதாம். வீட்டுப் பிள்ளைகளைச் சொல்கிற மாதிரி, பையன்கள் சாப்பிட்டாகிவிட்டதா என்றுதான் விசாரிப்பாராம். மலைமேல் இருந்த நாளில் கமலா என்று ஒரு நாய் இருந்ததாம். புதிதாக யாராவது வந்தால் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுனைகளையும் சந்நிதிகளையும் காட்டிவிட்டுத் திரும்ப அழைத்து வருமாம். மன்னிக்கவும், வருவாளாம்.

மனிதருக்கு நாய் வழி காட்டிய ஊர் அது. திரும்பி வந்து பார்த்தால், சந்து வீட்டில் ஒரு மனுஷி நாய்க்கு வழி காட்டிக்கொண்டிருந்தார்.

பூரணி வந்த கதை சின்னதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பௌர்ணமி கழிந்த விடியற்காலை, டீச்சரம்மா கோலம் போட வாசலுக்கு வந்தபோது, சாக்கடை ஓரம் ஒரு நாய் சுவரில் முட்டி, பின்வாங்கி, மறுபடி அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றதாம். கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்து, பத்து வயசுக்குக் குறையாது என்றார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. காது முதுமையில் மெல்ல மெல்லப் போயிருக்கிறது. நாய்க்கும் புரை அறுவை உண்டுதான். ஆனால் இவளுடைய வயதுக்கும் பலவீனமான இதயத்துக்கும் மயக்க மருந்து தாங்காது என்று சொல்லிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் வயதான நாய் இருந்தால் இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். கிழ நாயின் கண் நீலம் பாய்ந்தாற்போல மங்கினாலே குருடு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வயதினால் விழிக்குள் இருக்கும் ஆடி கெட்டிப்பட்டு அப்படித் தோன்றும். பார்வை பெரும்பாலும் இருக்கும். ஒரு பஞ்சுருண்டையை முகத்துக்கு முன்னே கீழே விட்டுப் பாருங்கள். பஞ்சுக்கு ஓசை இல்லை, வாசனையும் இல்லை. கண் அதைத் தொடர்ந்து போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். காதுக்கு, பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கலாம். அப்புறம் டாக்டரிடம் போங்கள். நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்தாலும் புரை வரும். உண்ணி கடித்து வரும் காய்ச்சலிலும் பார்வை போகும்.

"பாவம், இருட்டிலேயே இருக்காளே" என்றேன் நான்.

டீச்சரம்மாவுக்கு அந்தப் 'பாவம்' பிடிக்கவில்லை. "நாய்க்குட்டி பிறக்கிறப்போ எப்படிப் பிறக்குது, தெரியுமா? கண்ணும் மூடியிருக்கும், காதும் அடைச்சிருக்கும். கண் திறக்கவே ரெண்டு வாரம் ஆகும், காது திறக்க அதுக்கு மேலேயும் சில நாள். அதுவரைக்கும் அம்மாவை எப்படிக் கண்டுபிடிக்குது? மூக்காலேயும் சூட்டாலேயும்தான். இவளுக்கு அந்தப் பள்ளிக்கூடம் புதுசு இல்லே. மறந்த பாடத்தை மறுபடி படிக்கிறா."

ஆசிரியை அல்லவா, பாடத்திட்டம் கச்சிதமாக இருந்தது. நமக்கு மூக்கில் வாசனை அறியும் அணுக்கள் அரைக்கோடி அளவில் இருக்கின்றன என்கிறார்கள். நாய்க்குப் பத்துக் கோடிக்கு மேல். அந்தச் செல்வத்தை வைத்துக்கொண்டு அவர் வீட்டையே ஒரு புத்தகமாக எழுதிவைத்திருந்தார். படுக்கைக்குப் பக்கத்தில் வெட்டிவேர்த் தட்டி ஒன்று: இது உன் இடம். வாசலில் கல்மாவு இல்லாமல் அசல் அரிசி மாவுக் கோலம்: இது தெரு. தண்ணீர்ப் பாத்திரம் மண்ணால் ஆனது. நனைந்த மண்ணின் வாசனையை அவள் எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். முதலில் பூஜை அறைப் பக்கம் அடையாளமாக இருக்கட்டும் என்று கற்பூரம் வைக்கப் பார்த்தாராம், மருத்துவர் பதறிவிட்டார். கற்பூரம் நாய்க்கு விஷம். நாய் இருக்கும் வீட்டில் அந்த டப்பா உயரத்தில் இருக்கட்டும். வெங்காயமும் உலர்ந்த திராட்சையும் அப்படித்தான். பாயசத்தில் மிஞ்சியதைப் போட்டுவிடாதீர்கள்.

மூக்குக்கு அடுத்தபடி பாதம். படி இறங்கும் இடம், கிணற்றடி, கம்பிக் கதவு, மூன்றுக்கும் முன்னால் தேங்காய் நார் மிதியடி போட்டிருந்தது. முன்னங்காலில் நார் குத்தினால் நிற்க வேண்டும். யாராவது வந்து தொடும்வரை அசையக் கூடாது. இதைக் கற்பிக்க மூன்று வாரம் ஆயிற்றாம். சாப்பாட்டுக்கு முன்னால், பசி இருக்கும்போது, கயிற்றைப் பிடித்து நடத்தி வருவது. மிதியடியில் கால் பட்டதும் கயிற்றை நிறுத்தி, வேகவைத்த பூசணித் துண்டு ஒன்றை வாயில் கொடுப்பது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு துண்டு. பிறகு தாடைக்குக் கீழே ஒரு தடவல்; 'போகலாம்' என்று அர்த்தம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. அதற்கு மேல் போனால் மாணவி தூங்கிவிடுவாள்.

அவளுக்குப் பேரும் உண்டு. வலது தோளில் இரண்டு தட்டு. "பூரணிங்கிறது நாம கூப்பிட்டுக்கிறதுக்கு. அவளைப் பொறுத்தவரைக்கும் அவ பேரு இதுதான்" என்று டீச்சரம்மா தட்டிக் காட்டினார். உடனே வால் ஆடிற்று. ஆனால் தட்டுவதற்கு முன்னால் ஒரு மரியாதை இருக்கிறது. புறங்கையை மூக்குக்கு அருகே கொண்டுபோய், அவள் முகர்ந்து, 'ஓஹோ, நீயா!' என்று தெரிந்துகொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். தூங்குகிறாள் என்றால் முதலில் பக்கத்துத் தரையில் காலால் மெல்லத் தட்ட வேண்டும். அதிர்ச்சி உடம்புக்குத் தெரிந்து விழித்துக்கொள்வாள்.

டீச்சரம்மாவின் கணவர் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பூரணியின் மார்ப்பட்டையில் பழைய ஓஸ் குழாயை வளையமாக வளைத்துப் பொருத்தியிருந்தது அவர் கைவேலை. வளையம் முகத்துக்கு முன்னால் ஒரு ஜாண் நீட்டிக்கொண்டிருக்கும். சுவர் வந்தால் முதலில் அது இடிக்கும், மூக்கு தப்பிக்கும். வீட்டுத் தூண்களுக்கெல்லாம் பழைய புடவையைச் சுற்றியதும் அவர்தான். நாற்காலியை ஓர் அங்குலம் நகர்த்தினால்கூடத் திரும்பி வந்து சரி செய்கிறார். பொருள்கள் இடம் மாறினால் அவளுடைய ஊர் வரைபடமே கலைந்துவிடும் அல்லவா?

இத்தனை செய்தவர்தான், போன கோடையில், "ஊசி போட்டு அனுப்பிடலாமா?" என்று கேட்டவரும்.

அது நடந்ததற்குக் காரணம், அட்டை எழுதிய அந்தப் பேரன்தான். ஏழு வயது. லீவுக்கு வந்த முதல் நாள், தூங்கிக்கொண்டிருந்த பூரணியை ஓடிவந்து கட்டிக்கொண்டான். எங்கிருந்தோ ஒரு கனம் மேலே விழுந்தால் கண்ணும் காதும் உள்ள நாமே அலறுவோம்; அவள் கடித்துவிட்டாள். மணிக்கட்டில் பல் பதிந்தது. டீச்சரம்மா குழாயடியில் வைத்துச் சோப்புப் போட்டு ஒரு கால்மணி நேரம் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தது என்றாலும், குழந்தைக்கும் முறைப்படி எல்லா ஊசியும் போட்டார்கள். மருமகள் அன்று மாலையே பெட்டியைக் கட்டினாள். "அத்தை, அந்த நாய் இருக்கிறவரை நாங்க வர்றதுக்கில்லை."

தப்பு என்று சொல்ல முடியுமா? பெற்றவள் வேறு எப்படிப் பேசுவாள்?

டீச்சரம்மா நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். பிறகு மருத்துவரிடம் போனார். அவர் சொன்ன யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. "ஒரு காலண்டரை எடுத்துக்குங்க. நல்லாச் சாப்பிட்டாளா, வலி இல்லாமத் தூங்கினாளா, ஒரு தடவையாவது வால் ஆட்டினாளா, இதை மட்டும் தினம் பாருங்க. நல்ல நாள்னா ஒரு குறி, கெட்ட நாள்னா ஒரு கோடு. கோடு அதிகமாச்சுன்னா நீங்களே என்கிட்டே வருவீங்க. அதுவரைக்கும் பிறத்தியார் சொன்னாங்கன்னு வர வேண்டாம்." அந்தக் காலண்டர் ரேழியில் ஆணியில் தொங்குகிறது. புரட்டாசி வரை புரட்டிப் பார்த்தேன். கோடுகள் ஐந்தாறு இருந்தன. இல்லாமல் இல்லை.

இந்தக் காலாண்டு லீவுக்கு மருமகள் வந்திருந்தாள், நிபந்தனைகளோடு. பையன் தனியாக நாயின் அருகே போகக் கூடாது. படுக்கையைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு. அவன் கோட்டுக்கு வெளியே நின்று தரையைத் தட்டி, புறங்கையை நீட்டி, அவள் எழுந்து தானாக வந்தால்தான் தொடலாம், அதுவும் பாட்டி பக்கத்தில் இருந்தால். பையன் இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டுவிட்டான். மருமகள் மட்டும் சமையலறை நிலையில் சாய்ந்தபடி, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் ஒரு தரம்கூட பூரணியைத் தொட்டதாக நான் பார்க்கவில்லை.

பௌர்ணமி வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கே செங்கம் சாலையில் ஜனசமுத்திரம். சங்கு, சேகண்டி, ஒலிபெருக்கி, 'அண்ணாமலையானுக்கு அரோகரா!' அன்னதானப் பந்தல்களிலிருந்து சாம்பார் மணமும் சந்நிதிகளிலிருந்து கற்பூரப் புகையும் சந்துக்குள் திரண்டு வந்தன. பூரணி படுக்கையை விட்டு எழுந்து, மூக்கைத் தூக்கி, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். "நமக்குக் காதிலே இரைச்சல், அவளுக்கு மூக்கிலே இரைச்சல்" என்றார் டீச்சரம்மா. அத்தனை பாதங்கள் நடப்பதும் தரை வழியாக அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது.

டீச்சரம்மா வீட்டு வாசலில் கிரிவலம் வருபவர்களுக்காகப் பானையில் தண்ணீர் வைப்பது வழக்கம். ஏழு மணிக்குப் பானை காலி. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்தாளிக்கு இந்தப் புண்ணியமாவது கிடைக்கட்டும் என்று நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். நிரப்பினேன். ஒரு வயதான அம்மாளுக்கு என் கையாலேயே மொண்டு கொடுத்தேன். பெருமையோடு உள்ளே வந்தேன். கதவைச் சாத்தினேன், தாழ் போடவில்லை.

கால்மணி கழித்துப் பேரன் வந்து, "பாட்டி, பூரணியைக் காணோம்" என்றான்.

கதவு ஒரு முழம் திறந்திருந்தது. கதவுக்கு முன் இருந்த நார் மிதியடி நாலடி தள்ளிக் கிடந்தது. குடத்தோடு போகும்போது தடுக்குகிறதே என்று நான்தான் காலால் ஒதுக்கியிருந்தேன்! எனக்குக் கை கால் வெலவெலத்தது. சந்தில் இறங்கி, "பூரணி! பூரணி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பத்தடி போன பிறகுதான் நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்பது உறைத்தது. தண்ணீர் குடிக்க நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள்.

டீச்சரம்மாவின் கணவர் செருப்புகூடப் போடாமல் பெரிய சாலைப் பக்கம் ஓடினார். அங்கே போயிருந்தால் அவ்வளவுதான். அந்தக் கால்களுக்கு நடுவில் அவள் என்ன ஆவாள்? டீச்சரம்மா ஓடவில்லை. தான் கட்டிக் களைந்திருந்த புடவையைக் கொண்டுவந்து கம்பிக் கதவில் விரித்துப் போட்டுவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நின்று பார்த்தார். பிறகு, "அவ நடுவிலே நடக்க மாட்டா. வளையம் சுவர்லே இடிச்சுக்கிட்டே, ஓரமாத்தான் போவா. ரெண்டு பக்கமும் சுவரைப் பிடிச்சுக்கிட்டே பாருங்க" என்றார். குரல் நடுங்கவில்லை. கைதான் நடுங்கிற்று.

நான் இடது பக்கம் பார்த்துக்கொண்டே போனேன். வலது பக்கம் டார்ச் விளக்கோடு போனவள் மருமகள். அவளை யாரும் அனுப்பவில்லை.

ஆறு வீடு தள்ளி, ஒரு திண்ணை வீட்டின் முதல் படிக்கட்டுக்கு அருகே டார்ச் வெளிச்சம் நின்றுவிட்டது.

"அத்தை! இங்கே நிக்கிறா இவ!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த வீட்டுப் படிக்கு முன்னால் ஒரு தேங்காய் நார் மிதியடி கிடந்தது. மூலையெல்லாம் தேய்ந்து நார் பிரிந்துபோன பழைய மிதியடி. அதன்மேல் நான்கு காலையும் வைத்துக்கொண்டு பூரணி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு முழ தூரத்தில் ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ புண்ணியவான் காலடியில் ஒரு பிஸ்கட் போட்டிருந்தார். அது அப்படியே இருந்தது. உடம்பெல்லாம் நடுக்கம். ஆனால் அசையவில்லை. நார் குத்தினால் நிற்க வேண்டும், யாராவது வந்து தொடும்வரை. அதுதானே பாடம்?

நான் அப்படியே வாரி எடுக்கக் குனிந்தேன். மருமகள் என் கையைத் தட்டிவிட்டாள். டார்ச்சை இடது கைக்கு மாற்றிக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். புறங்கையைத் திருப்பி மூக்கருகே கொண்டுபோய், காத்திருந்தாள். பூரணி முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். அந்தக் கைக்கு அன்று மாலை தோசை மாவு அரைத்த வாசனை இருந்திருக்கும். மகனின் வாசனையும் இருந்திருக்கும். அதன் பிறகுதான் வலது தோளில், பயந்து பயந்து, இரண்டு தட்டு. கடைசியாகத் தாடைக்குக் கீழே ஒரு தடவல்.

பூரணி மிதியடியை விட்டு இறங்கி அவள் முழங்காலில் வளையத்தால் இடித்தாள்.

டீச்சரம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மார்ப்பட்டையில் கயிற்றை மாட்டி, மறு நுனியை மருமகள் கையிலேயே கொடுத்துவிட்டு, பின்னாலேயே நடந்து வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், மிதியடியை எடுத்துப் பழைய இடத்தில் போடப் போனேன். "நாலு விரக்கடை இடது பக்கம் தள்ளிப் போடுங்க" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த திட்டு.

அன்று இரவு நான் கிரிவலம் போகவில்லை. மறுநாள் காலை அந்தத் திண்ணை வீட்டு அம்மாள் வந்தார். "டீச்சரம்மா, அந்த மிதியடி பிஞ்சுபோச்சேன்னு பிளாஸ்டிக்லே ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேன். அதைக் கொல்லைப் பக்கம் போட்டுட்டேன். நார்லேயே வேற வாங்கிடறேன்" என்று சொல்லிவிட்டு, காப்பி சாப்பிட்டுவிட்டுப் போனார். காலண்டரில் முந்தின நாள் தேதிக்கு நேரே பேரன் பென்சிலோடு நின்றுகொண்டிருந்தான். குறியா, கோடா என்று அவனுக்குச் சந்தேகம். "வால் ஆட்டினாளா?" என்று அவன் அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். அவன் குறி போட்டான்.

பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பூரணியின் பக்கத்தில் தரையைத் தட்டி, புறங்கையை நீட்டி, விடை வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டேன். நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து, போட்டிருக்கிறேனா என்று ஒரு தரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டேன்.